பழைய வேதிப் பெயர்களா? பொருள் எதிலிருந்து வந்தது என்று பாருங்க

ரயில்வே குரூப் டி வேலைக்கான சிபிடி (கணினித் தேர்வு) ரிசல்ட் வந்தாச்சு, என் நம்பரும் இருக்கு. இனி உடல் தகுதித் தேர்வில் ஓட்டமும் மணல் மூட்டை தூக்குவதும்தான் பாக்கி. கணக்கு, ரீசனிங் பற்றிப் புதிதாக என்னிடம் ஒன்றும் இல்லை. சயின்ஸ் பகுதியில் என்னைத் தூக்கிவிட்டது வேதியியலின் பழைய பெயர்கள். வந்தால் ஒன்றிரண்டு கேள்விதானே என்று தள்ளிவிடாதீங்க. நெகட்டிவ் மார்க் உள்ள தேர்வில் யோசிக்காமல் போட்டுவிட்டு நகரக்கூடிய கேள்வி இது. மிச்சமாகும் நேரம் இயற்பியல் கணக்குக்கு.

மார்த்தாண்டத்தில் நான் போன கோச்சிங் சென்டரில் பழைய பெயர் – புதுப் பெயர் என்று ஒரு டேபிள் தந்தார்கள். அதில் ஆக்ஸிமியூரியாட்டிக் அமிலத்துக்கு நேரே ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று அச்சாகியிருந்தது. இன்றும் ஆத்திரம் வருகிறது. ஆக்ஸிமியூரியாட்டிக் என்றால் குளோரின். அதில் ஹைட்ரஜனும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. 1810-இல் ஆங்கிலேய வேதியியலாளர் டேவி அதைத் தனிமம் என்று நிறுவினார். எத்தனை பிள்ளைகள் அந்த வரியை அப்படியே உருப்போட்டுவிட்டுப் போனார்களோ!

டேபிளை ஓரமாக வைங்க. 1787-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியரும் கூட்டாளிகளும் பெயரிடும் முறையை மாற்றும் வரை, பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. எதிலிருந்து வடித்தார்களோ அதை வைத்தே பல பெயர்கள் வந்தன. அந்த மூலப்பொருளைப் பிடித்துவிட்டால் விடை கையில்.

– உப்பிலிருந்து: மியூரியாட்டிக் அமிலம், அதாவது ஹைட்ரோகுளோரிக். 'மியூரியா' என்றால் லத்தீனில் உப்புநீர். 'ஸ்பிரிட் ஆஃப் சால்ட்' என்பதும் இதுவே.
– அன்னபேதியிலிருந்து: விட்ரியால் எண்ணெய், கந்தக அமிலம். அன்னபேதிதான் (இரும்பு சல்பேட்) பச்சை விட்ரியால். நம்ம ஊர் ரப்பர் மரத்துக்கு அடிக்கிற போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்தில் சேரும் துரிசு (காப்பர் சல்பேட்), நீல விட்ரியால். வெறும் விட்ரியால் என்றால் சல்பேட் உப்பு, 'எண்ணெய்' சேர்ந்தால்தான் அமிலம்.
– வெடியுப்பிலிருந்து: அக்வா ஃபோர்ட்டிஸ், நைட்ரிக் அமிலம். வெள்ளியைக் கரைக்கும், தங்கத்தைக் கரைக்காது. வடசேரியில் நகை வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். தங்கத்தைக் கரைப்பது அக்வா ரீஜியா: நைட்ரிக் ஒரு பங்கு, ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு.
– மான் கொம்பிலிருந்து: ஹார்ட்ஸ்ஹார்ன் ஸ்பிரிட், அம்மோனியா.
– பிரஷ்யன் நீலச் சாயத்திலிருந்து: பிரஸ்ஸிக் அமிலம், ஹைட்ரஜன் சயனைடு. 1782-இல் ஷீலே என்ற வேதியியலாளர் முதலில் தயாரித்தார்.
– எறும்பிலிருந்து: ஃபார்மிக் அமிலம். ரப்பர் பாலை டிஷ்ஷில் ஊற்றி, ஷீட்டுக்காக உறைய வைக்கக் கலக்கும் அதே ஆசிட். அருமனை, குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாசனையே போதும்.

இரண்டாவது அடுக்கு 1787-க்குப் பிறகு வந்தது. '-உரெட்டட் ஹைட்ரஜன்' என்று முடிந்தால் முன்னால் நிற்கும் தனிமம் ஹைட்ரஜனோடு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சல்ஃபுரெட்டட் என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு: தேங்காய்த் தொண்டு அழுகப்போட்ட காயல் ஓரத்தில் மூக்கைப் பொத்த வைக்கும் அந்த நாற்றம். ஃபாஸ்ஃபுரெட்டட் பாஸ்பீன், ஆர்சனியுரெட்டட் ஆர்சைன். கார்புரெட்டட்டில் மட்டும் கவனம்: 'லைட்' என்றால் மீத்தேன், 'ஹெவி' என்றால் எத்திலீன்.

மீத்தேனுக்கே இன்னொரு பெயர் மார்ஷ் வாயு, சதுப்பு நிலத்திலிருந்து வருவதால். 1776-இல் இத்தாலிய அறிவியலாளர் வோல்ட்டா அங்குள்ள மஜோரே ஏரிச் சேற்றிலிருந்து அதைப் பிடித்தார். மார்ஷ் சோதனை வேறு: அது 1836-இல் ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்ட ஆர்சனிக் சோதனை, அதில் உண்டாவது ஆர்சைன். இரண்டையும் ஒரே கேள்வியின் ஆப்ஷன்களில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள்.

இந்த முறை எல்லாருக்கும் ஒத்துவராது. கதை தெரிந்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். உருப்போட்டே ஜெயிக்கிறவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். ஆனால் உங்களிடமும் இப்படி ஒரு டேபிள் இருந்தால், இன்றைக்கே ஆக்ஸிமியூரியாட்டிக் வரியை எடுத்துப் பாருங்க. அந்த வரி தப்பென்றால், மற்ற எல்லா வரியையும் பள்ளிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே படிங்க.