பரிசளிப்பு விழாவுக்கு ஒரு பட்டியல்

வட கொழும்பில் என் மகள் படிக்கும் தமிழ் மொழிமூலப் பாடசாலையில் 2018 ஆம் ஆண்டுக்குப் பிறகு பரிசளிப்பு விழா நடக்கவேயில்லை. காரணங்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, எங்கள் பகுதியில் விழா என்ற பேச்சை எடுக்கவே யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் கொரோனா பாடசாலைகளை மூடியது. 2022 இல் எரிபொருள் இல்லாமல் வகுப்புகள் மறுபடியும் நின்றன. பிறகு காரணங்கள் தீர்ந்தன. விழா எடுக்காமல் இருக்கும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. 2019 இல் ஆறாம் தரத்தில் இருந்த பிள்ளைகள் ஒரு தடவைகூட மேடையேறாமலே சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டார்கள்.

2025 இல் அந்த விழாவை மறுபடியும் நடத்தினோம். எப்படி நடத்தினீர்கள் என்று வேறு பாடசாலைப் பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். பெரும்பகுதி கடதாசி வேலைதான். நான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞன். கடதாசியோடு மல்லுக்கட்டுவது எனக்கு அலுப்பில்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எப்படி இயங்குகிறது என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. அங்கத்துவப் பணம் கட்டிய ரசீதோடு அவர்களின் தொடர்பு முடிந்துவிடுகிறது. அதிபர்தான் பதவிவழித் தலைவர். ஆசிரியர்கள், பெற்றோர், பழைய மாணவர்கள் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் குழுவுக்கு ஆட்கள் தெரிவாகிறார்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசினால் காரியம் நடக்கும் என்று நம்புவோர் அதிகம். நான் பார்த்தவரை அது அபூர்வம். சனிக்கிழமை காலை கூட்டம் தொடங்கும்போது கழிப்பறை, குடிநீர், வாயிலில் வான்களின் நெரிசல் என்று பேச்சு சூடாக இருக்கும். ‘ஏனைய விடயங்கள்’ வரும்போது பாதிப்பேர் குடையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் பரிசளிப்பு விழாவைப் பற்றிப் பேசினால் எல்லாரும் தலையசைப்பார்கள், கூட்டறிக்கையில் ஒரு வரியும் ஏறாது.

ஆகவே கூட்டத்துக்கு முன்பே செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, விழாவைத் தனி விடயமாக நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கேட்டேன். கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் வாங்கிக்கொண்டேன். இதைப் பார்த்து ஒரு நண்பர் சிரித்தார். சிரிக்கட்டும். விடயம் நிரலில் மூன்றாவதாக வந்தது, தீர்மானமாக நிறைவேறியது, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களோடு கூட்டறிக்கையில் பதிவானது. கேட்டவன் தலையில் வேலையைக் கட்டுவது நம் ஊர் வழக்கம் என்பதால், பரிசுக்குரியவர்களைத் தெரிவுசெய்யும் உபகுழுவில் என் பெயரும் விழுந்தது.

அங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. யாருக்குப் பரிசு?

வகுப்பில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். புள்ளிப் பட்டியல் வகுப்பாசிரியரிடம் இருக்கிறது. அரசாங்கப் பரீட்சைகள் அவ்வளவு இலகு அல்ல. கொரோனாவுக்குப் பிறகு நம் பரீட்சைகளின் ஆண்டும் நாட்காட்டியின் ஆண்டும் பிரிந்துவிட்டன. 2023 ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை 2024 மே மாதத்தில் நடந்து, பெறுபேறு அந்த ஆண்டு செப்டெம்பரில் வந்தது. 2024 ஆம் ஆண்டுக்கானது 2025 மார்ச்சில் நடந்து, நாங்கள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோதே ஜூலையில் பெறுபேறு வெளியானது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் இன்னும் மோசம். 2024 செப்டெம்பரில் நடந்த பரீட்சையின் வினாக்கள் முன்கூட்டியே கசிந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. மூன்று வினாக்களுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்கி, 2025 ஜனவரியில்தான் பெறுபேற்றை வெளியிட்டார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளில் சிலர் விழா வருவதற்குள் வேறு பாடசாலைச் சீருடைக்கு மாறிவிட்டார்கள்.

எந்த ஆண்டின் பிள்ளைகளை அழைப்பது? ஓர் ஆண்டை மட்டும் எடுத்தால் மற்ற அணி கோபிக்கும்; 2018 வரை பின்னோக்கிப் போனால் விழா விடியும்வரை நடக்கும். கடைசியில் ஒரு வெட்டுத் திகதி வைத்தோம்: 2024 செப்டெம்பர் முதல் 2025 ஜூலை வரை பெறுபேறு வெளியான பரீட்சைகள் மட்டும். பரீட்சை எந்த ஆண்டுக்குரியது, எப்போது நடந்தது என்பதெல்லாம் கணக்கில்லை. இரண்டு சாதாரண தர அணிகளும் உள்ளே வந்துவிட்டன. 2025 ஏப்ரலில் வெளியான உயர்தரப் பெறுபேறும் வந்தது. அந்த உயர்தர அணி 2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தால் பரீட்சை இடைநிறுத்தப்பட்டு, டிசெம்பரில் மீதியை எழுதிய அணி. அவர்களை விட்டிருந்தால் நானே வெளிநடப்புச் செய்திருப்பேன்.

பரீட்சைக்கு வெளியே உள்ள சாதனைகளுக்குப் பாடசாலையில் பதிவே இருக்கவில்லை. அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டி பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம் என்று படியேறி தேசிய மட்டத்துக்குப் போகிறது. மாகாணம் வரை போய்வந்த ஒரு பிள்ளை எங்கள் பாடசாலையில் இருந்தது. பயிற்றுவித்த ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போனதோடு அந்தத் தகவலும் போய்விட்டது. பிள்ளையின் தாய் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

எனவே எல்லா வகுப்புகளுக்கும் ஒரு படிவம் அனுப்பினோம்: பிள்ளையின் சான்றிதழ்களின் பிரதிகளை இணைத்துத் திருப்பி அனுப்புங்கள். வந்து குவிந்தன. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் சித்தியடைந்த வாய்ப்பாட்டு, மிருதங்கப் பிள்ளைகள் நாங்கள் நினைத்ததைவிடப் பலர். கரம், சதுரங்கம், கராத்தே, சாரணியம். கூடவே, நான் இதுவரை கேள்விப்படாத பெயர்களில் ‘சர்வதேச’ போட்டிகளின் பதக்கங்களும் வந்தன.

இந்த இறுதி வகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பங்குபற்றக் கட்டணம் வாங்கி, வந்த எல்லாருக்கும் கழுத்தில் ஏதோ ஒன்றைத் தொங்கவிட்டு அனுப்பும் போட்டிகள் இப்போது நிறைய நடக்கின்றன. பிள்ளை மகிழ்வதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கட்டணம் கட்ட வசதியுள்ள வீட்டின் பதக்கத்தையும், ஆமர் வீதியிலிருந்து பஸ் ஏறி வலய மட்டப் போட்டிக்குப் போய்வந்த பிள்ளையின் மூன்றாம் இடத்தையும் ஒரே மேடையில் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். பாடசாலை ஊடாக அனுப்பப்பட்டவை, கல்வி அமைச்சோ மாகாணத் திணைக்களமோ நடத்துபவை, நெடுங்காலமாகப் பரீட்சை நடத்திவரும் அமைப்புகளின் சான்றிதழ்கள் ஆகியவை மட்டும் என்று வரையறுத்தோம். ஒரு தாய் என்னோடு இப்போதும் பேசுவதில்லை. வாயிலில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். விதியை மாற்றச் சொன்னால் மாற்றமாட்டேன்.

நான் அதிகம் வாதாடியது முன்னேற்றப் பரிசுக்காக. முதல் மூன்று இடத்துக்குள் ஒருநாளும் வராத, ஆனால் ஓராண்டில் நன்றாக மேலேறிய பிள்ளைகளுக்கு வகுப்புக்கு ஒரு பரிசு. குழுவில் இருந்த மூத்த பழைய மாணவர் ஒருவர், “எல்லாருக்கும் கொடுத்தால் பரிசுக்கு என்ன மதிப்பு, தம்பி?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொன்னவர் கணித ஆசிரியை. உணர்ச்சிவசப்படாமல் ஒரு கணக்குச் சொன்னார்: சராசரி குறைந்தது பதினைந்து புள்ளி உயர வேண்டும், இரண்டாம் தவணையிலும் ஏற்றம் தெரிய வேண்டும், வரவு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றப் பாடசாலை மாணவரிடம் கேட்கும் அதே வரவு. அந்தச் சல்லடையில் வகுப்புக்கு ஒருவர்கூடத் தேறாத இடங்களும் இருந்தன. அங்கே பரிசு இல்லை என்று விட்டோம். பெரியவர் அதற்குப் பிறகு எதிர்க்கவில்லை.

ஒன்பதாம் தரத்தில் அப்படித் தேறியவர்களில் ஒருத்தி கணிதத்தில் 22 இலிருந்து 54 க்கு வந்தவள். 35 எடுத்தால் சாதாரண சித்தி, 50 எடுத்தால் திறமைச் சித்தி. இரண்டு எல்லைகளை ஒரே ஆண்டில் தாண்டிய பிள்ளை. அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் ‘இன்னும் முயற்சி தேவை’ என்றுதான் எழுதப்பட்டிருந்தது. அந்த வசனம் எத்தனை ஆண்டுகளாகப் பார்க்காமலே எழுதப்படுகிறதோ.

செலவு விடயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோரிடம் கட்டாய வசூல் கூடாது என்பதில் அதிபர் உறுதியாக இருந்தார். சங்க நிதியிலிருந்து ஒரு தொகை, பழைய மாணவர்களிடமிருந்து மீதி. கேடயங்களுக்கும் அச்சுக்கும் மூன்று இடங்களில் விலைக்கூறல் பெற்று, குழுவின் அங்கீகாரத்தோடு வாங்கினோம். கேடயத்துக்குப் பதிலாகப் புத்தகம் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். என் மகளே எதிர்க்கட்சியில் சேர்ந்துகொண்டாள். முதலிடங்களுக்குக் கேடயம், மற்றவர்களுக்குச் செட்டியார் தெருவில் வாங்கிய புத்தகங்கள் என்று சமரசமானது. வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போன கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் சேர்த்தே அனுப்பினோம். பதில் சுணங்காமல் வந்தது.

சான்றிதழ் அச்சிடுவதற்கு முன் ஒரு வேலை கட்டாயம் செய்ய வேண்டும். ஒவ்வொரு பெயரையும் அச்சில் வரப்போகும்படியே எழுதி வீட்டுக்கு அனுப்பி, பெற்றோரின் கையொப்பத்தோடு திரும்பப் பெறுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, வரவுப் பதிவேட்டில் இன்னொன்று, பிள்ளை எழுதுவது வேறொன்று. திருத்தி வந்த படிவங்களின் கட்டைப் பார்த்தபோது, இதைச் செய்யாத விழாக்களில் எத்தனை பிள்ளைகள் பிறர் பெயரில் சான்றிதழ் வாங்கியிருப்பார்கள் என்று தோன்றியது.

விழா ஒக்டோபரில் பாடசாலை மண்டபத்திலேயே நடந்தது. மங்கள விளக்கு, தமிழில் தேசிய கீதம், வரவேற்பு நடனம், வழக்கம்போல நீண்ட உரைகள். மின்விசிறிகள் சூட்டைத்தான் சுழற்றின. பெயர் வாசிக்க இரண்டு ஆசிரியர்களை மாறிமாறி நிறுத்தியதால் வரிசை தடுமாறவில்லை. முன்னேற்றப் பரிசுகள் கடைசியில் வந்தால் மண்டபம் காலியாகிவிடும் என்று தெரிந்து, அவற்றைப் பரீட்சைப் பரிசுகளுக்கு முன் வைத்திருந்தோம். அந்த ஒன்பதாம் தரப் பிள்ளையின் தந்தை துறைமுகத்தில் வேலை செய்கிறவர், வேலை உடையோடே வந்து பின்வரிசையில் நின்றார். எதற்காகப் பரிசு என்று வாசித்தபோது அவர் பக்கத்தில் நின்றவரிடம் இன்னொரு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

கணக்கு அடுத்த செயற்குழுவில் சமர்ப்பிக்கப்பட்டது. மாலைகளுக்கு ரசீது இல்லை என்று பொருளாளர் பிடித்துக்கொண்டார், சரிதான். முழுவரவுப் பரிசு வேண்டும் என்ற என் யோசனை தோற்றது. காய்ச்சலோடு பிள்ளையை அனுப்புவார்கள் என்றார்கள். இப்போது பிரதி அதிபரின் மேசையில் ஒரு தடித்த சி.ஆர். கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு தவணை முடிவிலும் வகுப்பாசிரியர்கள் பிள்ளைகளின் வெளிச் சாதனைகளை அதில் பதிய வேண்டும். முதல் தவணைக்குப் பெரும்பாலான வகுப்புகள் பதிந்திருக்கின்றன. ஏழாம் தரத்தின் பக்கமும் பத்தாம் தரத்தின் பக்கமும் வெறுமையாக இருக்கின்றன. அவற்றை நிரப்புவதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி செயலாளருக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன், பிரதியில் கையொப்பத்தோடு.