அப்பாவின் காதுக்கு எட்டிய வசனம்: ஒரு ப்ளூ-ரே பிளேயரைப் பொருத்திய அனுபவம்

சிங்கப்பூரில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பிய என் அண்ணன், டிவிடியைவிடத் தெளிவான படமும் ஒலியும் தரும் ப்ளூ-ரே வட்டுகள் பதினெட்டைக் கொண்டுவந்தார். அப்பாவுக்குச் சில ஆண்டுகளாகவே காது மந்தமாகிவருகிறது. வீட்டில் படம் பார்க்கும்போது பாதி வசனம் அவருக்குப் பிடிபடுவதில்லை. நல்ல ஒலியோடும் சப்டைட்டிலோடும் அவரை உட்காரவைத்துப் படம் காட்ட வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே பிடிவாதம். சென்னையில் வாங்கிய பிளேயர் ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருந்ததால், ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும் என்று நம்பினேன். மூன்று வாரம் பிடித்தது.

முதல் வட்டே ஓடவில்லை. இந்த மண்டலத்துக்கு உரிய வட்டு அன்று என்ற அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. ப்ளூ-ரேக்கு உலகம் ஏ, பி, சி என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரும் மலேசியாவும் அமெரிக்கா, ஜப்பானோடு சேர்ந்து ஏ மண்டலத்தில் வருகின்றன. இந்தியாவோ சீனா, ரஷ்யாவோடு சி மண்டலத்தில் வருகிறது. உறையின் பின்பக்கத்தைப் பார்த்துப் பிரித்தபோது, பதினெட்டில் ஏழு வட்டுகள் ஏ மண்டலத்துக்கு மட்டுமே உரியவை என்று தெரிந்தது. அவர் கொண்டுவந்த தமிழ்ப் படங்களில் எதற்கும் அந்தப் பூட்டு இல்லை. இன்னும் கூடுதல் தெளிவுள்ள 4கே வட்டுகளுக்கு மண்டலப் பிரிவே கிடையாது என்றாலும், அவற்றுக்கு வேறு பிளேயர் வேண்டும்.

அண்ணனிடம் சொன்னேன். “என் பழைய பிளேயர் அங்கே சிநேகிதன் வீட்டிலதான் இருக்கு. ஊருக்கு வர்றவங்ககிட்ட குடுத்துவிடச் சொல்றேன், பொறுடா தம்பி” என்றார். பத்து நாளில் அது வந்து சேர்ந்தது. இரு நாடுகளிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் மின்மாற்றி எதுவும் தேவைப்படவில்லை; பட்டையான மூன்று கால்கள் கொண்ட அந்த ஊர் பிளக்குக்கு ஒரு மாற்றுப் பிளக் மட்டும் வாங்கினேன்.

படம் வந்தது, ஆனால் சப்டைட்டிலின் கீழ்வரியில் எழுத்துகளின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. வட்டிலோ பிளேயரிலோ கோளாறு இல்லை. வந்த படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை வெட்டிக் காட்டும் பழக்கம் தொலைக்காட்சியிலேயே இருக்கிறது. படத்தின் அளவைக் குறிக்கும் பட்டியலில், முழுப் படத்தையும் அப்படியே காட்டும் தெரிவுக்கு மாற்றியதும் எழுத்துகள் முழுமையாகத் தெரிந்தன. கூடவே, பிளேயரில் 24 பிரேம் வெளியீட்டையும் ‘தானியங்கி’ என்று வைத்தேன். திரைப்படம் நொடிக்கு 24 பிரேம்களில் எடுக்கப்படுகிறது. அதை 60 ஆக நிரப்பி அனுப்பும்போது, கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் படம் விட்டுவிட்டு நகர்வதுபோல் ஓர் உறுத்தல் இருக்கும். மாற்றிய பிறகு அது போயிற்று.

ஒலிதான் எங்களை உண்மையில் அலைக்கழித்தது. பிளேயரிலிருந்து படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கடத்தும் ஹெச்டிஎம்ஐ கேபிளைத் தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து ஒலியை மட்டும் கடத்தும் ஆப்டிகல் கேபிளை ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கொடுத்திருந்தேன். சத்தம் பலமாகவே வந்தது, ஆனாலும் அப்பா, “என்ன சொல்றான்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நடு ஸ்பீக்கரின் வலையில் காதை வைத்துப் பார்த்தபோது, அது ஊமையாக இருந்தது. ஹெச்டிஎம்ஐ வழியாக வரும் ஒலியைச் சில தொலைக்காட்சிகள் இடது, வலது என்று இரண்டு சேனலாக (தனித்தனி ஒலித்தடமாக)ச் சுருக்கித்தான் ஆப்டிகல் வழியே வெளியே விடும். எங்களுடையதும் அந்த வகை. பெரும்பாலான வசனம் பதிவாகியிருக்கும் நடு சேனல், இடது வலது ஸ்பீக்கர்களில் இசையோடும் இரைச்சலோடும் கலந்துபோயிருந்தது. காது மந்தமான ஒருவருக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறில்லை.

ஆகவே பாதையை மாற்றினேன்: பிளேயரிலிருந்து ஹெச்டிஎம்ஐ நேரே ஆம்ப்ளிஃபயருக்கு, அங்கிருந்து படம் மட்டும் தொலைக்காட்சிக்கு. நடு ஸ்பீக்கர் பேசத் தொடங்கியது. ஆனால் வட்டின் உறையில் தரம் குறையாத ஒலி வகையான டால்பி ட்ரூஹெச்டி என்று போட்டிருக்க, ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் அதைவிடச் சுருக்கப்பட்ட வகையான வெறும் டால்பி டிஜிட்டல் என்றே தெரிந்தது. பிளேயரின் ஒலிப் பட்டியலைத் துருவியபோது, இரண்டாம் ஒலியைக் கலக்கும் அமைப்பு ஒன்று இயக்கத்தில் இருந்தது. மெனுவின் ‘டிக்’ சத்தத்தையும் இயக்குநரின் விளக்கவுரையையும் படத்தின் ஒலியோடு கலந்து தருவதற்காக, முதன்மை ஒலியையே பிளேயர் பிரித்து மீண்டும் சுருக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. அதை அணைத்து, வெளியீட்டை, வட்டில் உள்ள ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று வைத்ததும் முகப்பில் எழுத்து மாறியது. உண்மையைச் சொன்னால், அப்பாவுக்கு உதவியது இந்த உயர்தர ஒலி அன்று. நடு ஸ்பீக்கரின் அளவை 4 டெசிபல் கூட்டிவைத்ததே.

புதிதாக வந்த ஒரு வட்டு மட்டும் ஏற்றும் நிலையிலேயே நின்றுவிட்டது. வட்டுகளின் நகல் தடுப்புப் பூட்டுக்கான சாவிகள் அவ்வப்போது மாறுவதால், பழைய பிளேயருக்கு மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. கோப்பை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் ஏற்றிச் செருகினேன். புதுப்பிக்கும் நடுவே மின்சாரம் போனால் பிளேயரே செத்துவிடக்கூடும் என்பதால், அதை இன்வெர்ட்டர் இணைப்பில் மாட்டிய பிறகே தொடங்கினேன். ஏழெட்டு நிமிடத்தில் முடிந்து, வட்டு ஓடியது.

சி மண்டலத்துக்கு மட்டுமான வட்டுகள் இரண்டு என்னிடம் இருப்பதால், சென்னையில் வாங்கிய பிளேயரையும் எடுத்துவைக்கவில்லை. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. மசாலா டப்பாக்களில் ஒட்டுவதுபோல், அம்மா ஒன்றில் ‘ஏ’ என்றும் மற்றொன்றில் ‘சி’ என்றும் எழுதி ஒட்டியிருக்கிறார். இப்போது அப்பாவே உறையைத் திருப்பிப் பார்த்து, எதில் போட வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்.