மணிக்கூண்டுக் கல்லில் இல்லாத பெயர்கள்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் சின்னதாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஒரு பெயர்கூட இல்லை. அந்தப் பெயர்களைத் தேடுவோம் என்று நண்பர்கள் சிலர் சேர்ந்தோம். இதே வேலையை வேறு ஊர்களிலும் யாராவது தொடங்கினால் உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். காசு எதுவும் கிடையாது. பெயரே தெரியாதபோது எதை வைத்துத் தேடுவது? ஊரை வைத்துத்தான். இறந்த தேதி, படைப்பிரிவு, படை எண் ஆகியவற்றோடு, இன்னாருடைய மகன், இன்ன ஊர், வட ஆற்காடு என்ற குறிப்பும் பல பதிவுகளில் இருக்கும். இன்றைய மாவட்டப் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் அன்று வட ஆற்காடுதான். எழுத்துகளிலும் பொறுமை வேண்டும். முனுசாமியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பா பெயர், ஊர் எதுவுமே இல்லாத பதிவுகளும் நிறைய. அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடிவதில்லை.

மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படை, கர்நாடிக் காலாட்படை என்று நம் பக்கத்து ஆட்கள் இருந்த பிரிவுகள் பல, இன்றைய இராக்கான மெசபடோமியாவில் போரிட்டன. அங்கே கல்லறை இல்லாமல் போனவர்களுக்காக பாஸ்ராவில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயரும் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் மட்டும். இதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் போகவில்லை. இங்கே மணிக்கூண்டிலும் எண்ணிக்கை, அங்கே பாஸ்ராவிலும் எண்ணிக்கை! 2021-இல் அந்த ஆணையமே அறிக்கை வெளியிட்டு, இப்படிப் பாகுபாடு காட்டியதற்கு மன்னிப்புக் கேட்டது. கல்லில் விடுபட்டாலும் பெயர்கள் பதிவேடுகளில் இருந்தன. அதனால்தான் இன்று நம்மால் தேட முடிகிறது.

அப்புறம் வீடுகளுக்குப் போனோம். வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை மாதிரி ஊர்கள் சுற்றுவட்டாரத்தில் உண்டு. “எங்க தாத்தாவோட அப்பா பஸ்ராவுக்குப் போனாராம்” என்று பேச்சு தொடங்கும். அதற்குமேல் தேதியோ படைப்பிரிவோ யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்போது கேட்க வேண்டியது பதக்கத்தைத்தான். அந்தப் போருக்குக் கொடுத்த வட்டப் பதக்கங்களின் விளிம்பில் பெயர், எண், பிரிவு மூன்றும் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் படிக்கலாம். பாட்டி ஒருவர் துணிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டிய பதக்கத்தில் நாங்கள் படித்த எண்ணும், இணையப் பதிவில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. அவர் வீட்டில் யாருக்கும் அந்த விளிம்பில் எழுத்து இருப்பதே தெரியாது. இறந்தவர் வீட்டுக்குப் பெயர் பொறித்த பெரிய வெண்கல வட்டு ஒன்றும் அனுப்பினார்கள். அதையும் கேளுங்கள்.

கடைசியில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். தாலுகா முழுவதும் தேடினால் நிறையப் பெயர்கள் வருகின்றன, அவற்றில் 14-ஐ எடுத்துப் பலகை வைத்துவிடலாமே என்றார் ஒரு நண்பர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த 14 பேரில் ஒருவர் என்று ஆதாரம் இல்லாமல் யாரையும் சேர்த்தால், உண்மையில் போனவரை இரண்டாவது முறை மறைத்ததாகிவிடும். சரி, ஆதாரம் கிடைத்த பெயர்களை மட்டும் தனிப் பட்டியலாக்குவது, மணிக்கூண்டின் பழைய கல்லைத் தொடுவதில்லை என்று முடிவானது. பட்டியல் இன்னும் 14-ஐ எட்டவில்லை.

ஒரு வேண்டுகோள். அந்தப் பதக்கங்களில் ஒன்று வெள்ளி. பழைய வெள்ளியென்று கடையில் போட்டு உருக்கியவை ஏராளம். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், விற்பதற்கு முன்னால் விளிம்பை மட்டுமாவது ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.