விறகடுப்பிலிருந்து சுடுதண்ணியும் விளக்கும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் கார்த்திகை, மார்கழி மழை பிடித்துக்கொண்டால் வெயிலைக் காண்பது அரிது. கூரையில் சின்ன சோலார் தகடு இருந்தும் அந்த நாட்களில் பட்டரி ஏறாது. கரண்டும் அப்போதுதான் அடிக்கடி போகும். அடுப்பு மட்டும் தினமும் எரியும். 2022இல் காஸ் கிடைக்காமல் விறகுக்குத் திரும்பிய வீடு எங்களுடையது, அதிலேயே நின்றுவிட்டோம். அந்த வருடம் பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. எரிகிற அடுப்பிலிருந்தே ஒரு விளக்குக்கு மின்சாரம் எடுக்க முடியாதா என்று அப்போதுதான் தேடத் தொடங்கினேன்.

வழி பழையதுதான். சீபெக் என்ற ஜெர்மன் அறிஞர் 1821இல் கவனித்த விளைவு. 1950களில் சோவியத் நாட்டில் மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் வானொலி கேட்டிருக்கிறார்கள். இன்று அது 4 சென்ரிமீட்டர் சதுரத்தில், பிஸ்மத் டெலூரைட் என்ற குறைகடத்தி அடைத்த மெல்லிய வில்லையாகக் கிடைக்கிறது. ஒரு பக்கம் சுட, மறுபக்கம் குளிர, நடுவில் மின்சாரம் வரும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். குளிர்ப்பெட்டிகளில் போடும் பெல்டியர் வில்லையும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும். அவற்றில் பலவற்றின் ஈயப்பற்று 138 பாகை செல்சியஸில் உருகிவிடும், அடுப்புக்கு ஆகாது. மின்சாரம் எடுப்பதற்கென்றே விற்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம், நான் வாங்கிய வில்லைக்கு இரு பக்கச் சூட்டுக்கும் இடையே 100 பாகை வித்தியாசத்தில் 4.8 வோல்ட், 669 மில்லிஅம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கிப் பார்த்தால் 3 வாட்டுக்கு மேல். ஆனால் அந்த வோல்ட் எதையும் இணைக்காதபோது வருவது, அந்த அம்பியர் இரு கம்பியையும் நேரே தொடுத்தால் வருவது. உண்மையில் எடுக்கக்கூடியது பெருக்குத்தொகையில் கால் பங்கு, அதாவது 0.8 வாட்.

நான்கு வில்லைகளைத் தொடராக இணைத்தேன். இந்த வகை 150 பாகைக்கு மேல் தாங்காது, நெருப்போ அதைவிடப் பல மடங்கு சூடு. அதனால் மண் அடுப்பின் பக்கச் சுவரில் வெட்டி, தடித்த அலுமினியத் தகட்டைச் சொருகி, வெளியே தெரியும் முகத்தில் சூட்டை நன்றாகக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசையைப் பூசி வில்லைகளை ஒட்டினோம். தகட்டை அளவாக அறுத்து, போல்ட் துளை போட்டுத் தந்தது செங்கலடியில் ஒரு லேத் கடை.

சூடாக்குவது லேசு. மறுபக்கத்தைக் குளிர வைப்பதுதான் முழு வேலையும். கம்ப்யூட்டர் விசிறி வைத்துப் பார்த்தபோது, பிறந்த மின்சாரத்தில் பாதியை விசிறியே தின்றது. வழி தண்ணீரில்தான் இருந்தது. வில்லைகளின் வெளிப்பக்கம் தண்ணீர் ஓடும் ஒரு அலுமினியப் பெட்டி, அதற்கு மேலே பத்து லீற்றர் தொட்டி, இடையில் இரண்டு குழாய். சுட்ட தண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், பம்ப் வேண்டாம். தொட்டியின் வாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது, நீராவி அடைபட்டால் வெடிக்கும். தண்ணீர் நிரப்பாமல் அடுப்பு மூட்டவும் கூடாது.

இந்த வில்லைகள் தம்முள் பாயும் சூட்டில் நூற்றில் இரண்டு பங்கைத்தான் மின்சாரமாக்குகின்றன. 2 வாட் வேண்டுமென்றால் 100 வாட் சூடு தண்ணீருக்குள் போயே ஆக வேண்டும். இரண்டு மணி நேரச் சமையலில் பத்து லீற்றர் தண்ணீர் குளிக்கும் இளஞ்சூட்டுக்கு வந்துவிடுகிறது. மழை நாளில் அம்மாவுக்கு அதுதான் பெரிய ஆறுதல். ஆனால் தண்ணீர் சூடேறச் சூடேற வித்தியாசம் குறைந்து மின்சாரமும் விழும். "மனே, விளக்கு மங்குது, தண்ணியை எடுத்துட்டுக் கிணத்துத் தண்ணி ஊத்து" என்று இப்போது அம்மாவே சொல்வார். ஊற்றிய சற்று நேரத்தில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் எண் ஏறும்.

சூட்டுப் பக்கம் 130, தண்ணீர்ப் பக்கம் 50 பாகை இருக்கும்போது சுமார் 2 வாட் வருகிறது. 5 வோல்ட்டுக்கு இறக்கிப் பவர் பேங்கில் சேர்க்கிறேன். அடுப்பு எரிகிற மூன்று நான்கு மணி நேரத்தில் சேர்வது, ஒரு வாட் எல்.ஈ.டி விளக்கை இரவு நாலைந்து மணி நேரம் எரிக்கும். பவர் பேங்க் அடுப்புக்கு எட்டத்தில் இருக்க வேண்டும், லிதியத்துக்குச் சூடு ஆகாது.

விறகு காய்ந்திருந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம். ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 4 கிலோவாட் மணி சூடு உண்டு. பச்சை விறகில் எடையில் பாதிவரை தண்ணீர், அதைக் காய்ச்சவே நெருப்பு செலவாகும். மரமுந்திரிகைக் கொப்பு, தென்னம்பாளை, மட்டை எல்லாவற்றையும் புரட்டாதிக்குள் கூரையடியில் அடுக்கிவிடுகிறோம்.

விளக்கு மட்டும் போதும் என்பவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். ஒரு வாட்டுக்கு ஆகும் செலவில் சோலார் எவ்வளவோ மலிவு, மழைக்குக் கொஞ்சம் பெரிய பட்டரி வாங்கலாம். தினமும் விறகெரித்து, குளிக்கச் சுடுதண்ணியும் தேவைப்படுகிற வீட்டுக்கு இது பொருந்தும்.

செய்பவர்கள் வாவியோரக் கிணற்று உவர்த் தண்ணீரை இதற்குள் விட வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். சூடேறி ஆறுவதில் போல்ட்டுகளும் தளரும். தளர்ந்தால் வோல்ட் விழும், அவ்வப்போது நான்கையும் ஒரே அளவாக இறுக்கி விடுங்கள்.