முதலில் திகதியைப் பார்

எமக்குப் படிப்பித்த சேரின் அந்தியேட்டி முடிந்த கிழமையில்தான் நினைவு மலர்க்குழு கட்டுரை கேட்டது. மேல்மாடிக் கடைசி வகுப்பு, கரும்பலகையில் சேர் போடும் மூன்று நிரல். எப்போது போனான், எத்தனை நாள் நின்றான், எப்போது எழுதினான்? இதை நிரப்பாமல் எந்தப் பயணக் குறிப்பையும் வாசிக்க விடமாட்டார்.

பாரிசில் இலக்கிய வரலாற்றாய்வாளர் பிராங் லெஸ்திரேங்கானை வாசித்தபோது அந்த நிரல்களே கண்முன் நின்றன. பிரேசிலின் குவானபாரா விரிகுடாவில் 1555 இல் பிரெஞ்சுக்காரர் கோட்டை கட்டினர். கூடப் போன கத்தோலிக்கத் துறவி அந்திரே தெவே நின்றது பத்து வாரமளவில், அதிலும் நோய். 1556 ஜனவரி முடிவில் கப்பலேறிவிட்டார். புரட்டஸ்தாந்தரான ஜான் து லெரி குழுவினர் வந்து இறங்கியதோ 1557 மார்ச்சில். 1560 இல் கோட்டை போர்த்துக்கேயரிடம் விழுந்தது. 1575 இல் தெவே அந்தப் பழியைப் புரட்டஸ்தாந்தர் தலையில் போட்டார். லெரி சினந்து எழுதிய மறுப்பின் உயிர் இரண்டு திகதிகள்தான்: தெவே புறப்பட்டு ஓராண்டுக்கு மேல் கழித்தே அவர்கள் வந்தார்கள்.

ஆனால் லெரியையும் அப்படியே நம்பக்கூடாது. அவருடைய நூல் வந்தது 1578 இல், கண்டு இருபது ஆண்டுக்குப் பிறகு. நடுவில், பிரான்சில் புரட்டஸ்தாந்தர் கொல்லப்பட்ட 1572 படுகொலை. 1573 இல் பிரான்சின் சான்செர் நகர முற்றுகையின் பட்டினியை உள்ளேயிருந்து பார்த்தவர் அவர். பிரேசிலின் பழங்குடியினரான தூப்பினம்பா மக்கள் பகைவரின் தசையை உண்டதைச் சொல்லும்போது, நம் நாட்டில் இதைவிடக் கொடியது நடந்தது என்கிறார். 1578, 1580, 1585, 1599, 1611 எனப் பதிப்புகளை அருகருகே வைத்தால், பிற நாட்டுக் கொடுமைகள் ஏறி ஏறிப் புத்தகம் பருப்பது தெரியும். கடைசிப் பதிப்பிலிருந்து எடுத்து, 1557 இல் கண்டது என்று எழுதுவோர் வழுக்குவது இங்கேதான்.

லெரி நூலின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு தூப்பினம்பாக் கிழவர் அவரைக் கேட்கிறார்: சாயமரத்துக்காகவா இவ்வளவு தூரம்? உங்கள் ஊரில் விறகு இல்லையா? பிள்ளைகளுக்குச் சேர்க்கவா? உங்களை வளர்த்த மண் அவர்களையும் வளர்க்காதா?

சேர் கடைசிவரை ஊரிலேயே இருந்தவர். இந்தப் பக்கத்தை மட்டும் தமிழாக்கி அவருக்கு அனுப்ப நினைத்திருந்தேன். அனுப்பவில்லை.