பெருமழை திறந்துவிட்ட துறைமுகம்

கொச்சியைப் பார்ப்பதென்றால் ஜூலை மாத மழையில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த ஊர் உண்டானதே மழையால்தான்.

கோவையிலிருந்து கிளம்பி வாளையார் தாண்டும்வரை வெறும் சாரல். குதிரான் சுரங்கத்துக்குள் தூறலோடு நுழைந்து, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி வெளியே வந்தால் அடைமழை. வைப்பர் முழு வேகத்தில் ஓடியும் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. சாலக்குடி வரை நாற்பதைத் தாண்டவில்லை. பக்கத்தில் அப்பா. பொதுப்பணித் துறையில் வாய்க்கால், மதகு என்றே காலம் கழித்தவர். எந்த ஆறு வந்தாலும் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாக வேண்டும் அவருக்கு.

ஆலுவாவில் பெரியாற்றுப் பாலம் தாண்டியதும், "வண்டிய ஓரங்கட்டு கண்ணு" என்றார். குடை பிடித்துக்கொண்டு நின்றோம். செம்மண் கரைசலாக, வாழை மட்டைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. 2018 ஆகஸ்டில் நெடும்பாசேரி விமான நிலையத்தை இரண்டு வாரம் மூடவைத்ததும் இந்த ஆற்று வெள்ளம்தான்.

அதைவிடப் பெரிய வேலையை அது 1341-இல் செய்திருக்கிறது என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். அந்த ஆண்டு வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர் முகத்துவாரத்தை மண் போட்டுத் தூர்த்தது. தெற்கே கொச்சியில் கடலுக்குப் புது வாயைத் திறந்துவிட்டது. கொடுங்கல்லூர்ப் பக்கம்தான் நம் முசிறி. யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று சங்கப் பாட்டில் படித்தோமே, அதே முசிறி. கப்பல்கள் கொச்சிக்கு மாறின. அந்த வெள்ளத்தைத் தொடக்கமாக வைத்து 'புதுவைப்பு' என்று ஓர் ஆண்டுக் கணக்கே வழங்கியிருக்கிறது. அப்புறம் 1503-இல் போர்த்துகீசியர் கோட்டை, 1663-இல் டச்சுக்காரர்கள், 1795-இல் ஆங்கிலேயர். எல்லாரும் வந்தது அந்த ஆறு திறந்த வழியாகத்தான்.

ஃபோர்ட் கொச்சியில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; ஆனால் சீன வலைகள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. ஒருவர் நனைந்த மரத்தின் மேல் வெறுங்காலோடு நடந்து போக, அவர் எடைக்கு வலை தண்ணீரில் இறங்கியது. சில நிமிடம் கழித்து நாலைந்து பேர் பின்னாலிருந்து கயிற்றை இழுத்தார்கள். கயிற்றில் கட்டித் தொங்கும் பெரிய கற்கள் ஒவ்வொன்றாகத் தாழ, வலை மேலே வந்தது. உள்ளே ஒரு கூடை அளவு ஆகாயத்தாமரை, அதற்கு நடுவில் துள்ளும் பொடிமீன்கள், ஒரு நண்டு. மழைக்காலத்தில் உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து அடித்துவரும் ஆகாயத்தாமரை அத்தனையும் இந்த வாயில்தான் வந்து சேர்கிறது. அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி வலையை இறக்கினார்கள். அந்தப் பொறுமைக்குக் கும்பிடு போட வேண்டும்.

புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவை 1524-இல் புதைத்த இடத்தைப் பார்த்தோம். அவர் எலும்புகளைப் பிறகு போர்த்துகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு அங்கே பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மனம் ஒன்றியது மட்டாஞ்சேரியில். 1568-இல் கட்டிய யூதர்களின் பரதேசி ஜெபக்கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரக்காலோடு நுழைந்தால் தரை சில்லென்று ஏறுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கப்பலில் வந்த ஓடுகள், வெள்ளையில் நீலச் சித்திரம், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. அப்பா குனிந்து ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். வெளியே சந்தில் மழை வாசனையோடு சுக்கும் மிளகும் கலந்து அடித்தது. கால் கிலோ மிளகு வாங்கினோம்.

கோவைக்காரர்கள் திரும்பும்போது எறணாகுளம் வழியைப் பிடிக்காதீர்கள். ஃபோர்ட் கொச்சியில் காரோடு ரோ-ரோ படகில் ஏறினால் சில நிமிடத்தில் வைப்பின் தீவு. 1341-இல் திறந்த அந்த வாயின் மேலேயேதான் படகு போகும். அங்கிருந்து செறாய் வழியாக வடக்குப் பறவூர் போனால் பக்கத்தில் பட்டணம் என்கிற சிற்றூர். 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல் ஏராளமாகக் கிடைத்த ஊர். முசிறி இருந்த இடம் இதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மழையாக இருந்தாலும் இறங்கிப் பாருங்கள்.