சோப்புக்கு வந்த வம்பு டீத்தூளையும் பிடித்துக்கொண்டது

கோத்தகிரியில் எங்கள் கடையில் ஓடுவது டீத்தூளும், சளிக்குத் தேய்க்கிற யூகலிப்டஸ் தைலமும்தான். சோப்பு இன்னும் ஒரு கட்டிகூட விற்கவில்லை, அண்ணி அடுப்படியில் செய்து பார்த்ததோடு சரி. ஆனாலும் டிரேட்மார்க் போடும்போது எதற்கும் இருக்கட்டும் என்று டீத்தூளுக்கு 30, தைலத்துக்கு 5, சோப்புக்கு 3 என மூன்று வகுப்பையும் (சரக்கு வகைக்கு ஏற்பப் பதிவில் இருக்கும் எண்கள்) ஒரே டிஎம்-ஏ என்ற விண்ணப்பப் படிவத்தில் போட்டுவிட்டேன். காசு மிச்சமாகும் என்று ஒரு கணக்கு. கட்டணமோ வகுப்புக்கு வகுப்பு. தனிநபர் ஆன்லைனில் போட்டால் ஒன்றுக்கு 4,500 ரூபாய், சேர்த்துப் போட்டாலும் பிரித்துப் போட்டாலும் 13,500தான்.

டிரேட்மார்க் அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கை வந்தது. டிரேட்மார்க் சட்டத்தின் 11ஆம் பிரிவில் ஆட்சேபம், 3ஆம் வகுப்பில் இதே மாதிரிப் பெயரோடு ஏற்கெனவே ஒரு சோப்புக்காரர் இருக்கிறார். தேடாமலா போட்டேன்? தேடினேன், 30இல் மட்டும். டிரேட்மார்க் இணையதளத்தின் தேடல் பக்கத்தில் வகுப்பு எண்ணைக் கொடுத்துத்தான் தேட வேண்டும், நான் மற்ற இரண்டையும் கொடுத்துப் பார்க்கவே இல்லை. போதாக்குறைக்கு எங்கள் பெயரில் ஒரு ழ உண்டு. ஆங்கிலத்தில் நான் இசட்-ஹெச் போட்டிருக்கிறேன், அந்தச் சோப்புக்காரர் வெறும் எல். ஒலியை வைத்துத் தேடும் வசதியும் அங்கேயே இருக்கிறது, அதைத் தொட்டிருந்தால் மாட்டியிருக்கும். காதுக்கு இரண்டும் ஒன்று என்றால் என்ன பதில் சொல்ல, நம்மில் பாதிப் பேர் ழ-வை ள என்றுதானே சொல்கிறோம்!

இதில் கொடுமை, சோப்புக்கு வந்த ஆட்சேபத்தால் விண்ணப்பம் முழுக்க நின்றது. பதில் கொடுக்க ஒரு மாதம். கடைசியில் டிஎம்-எம் என்ற படிவம் கொடுத்து, சோப்பைத் தனி விண்ணப்பமாகப் பிரித்தோம், பிரித்தாலும் முதலில் போட்ட தேதி போகாது என்பது ஆறுதல். டீயும் தைலமும் டிரேட்மார்க் அலுவலகம் வெளியிடும் ஜர்னலில் வந்து, யாரும் எதிர்க்கிறார்களா என்று நான்கு மாதம் பார்க்க வேண்டும்.

"வகுப்பு வேற, பயப்படாதீங்க" என்றார்கள் பலர். அப்படி வகுப்பு எண்ணை மட்டும் நம்ப முடியாது. கர்நாடக பால் கூட்டமைப்பின் நந்தினியும் பெங்களூரு ஓட்டல் நந்தினி டீலக்ஸும் 29, 30 என்ற அதே வகுப்புகளில்தான் மோதின. ஓட்டல்காரர் பால் பொருளை விட்டுக்கொடுக்க, சரக்கு வேறு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் அவருக்கும் பதிவு கொடுத்தது. அதே சமயம் 30இல் உள்ள டீத்தூளும் 43இல் உள்ள டீக்கடையும் எண்ணில்தான் தூரம், வாங்குகிறவருக்கு ஒரே சங்கதியாகத் தெரியலாம்.

சோப்பு விசாரணைக்குக் காத்திருக்கிறது. அண்ணி இப்போதைக்குப் பெயர் போடாமல் பட்டர் பேப்பரில் சுற்றி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்.